பொரி மிதந்த கால்வாய்

ஞாயிற்றுக்கிழமை காலை 41 மூட்டை குப்பை எடுத்தோம். திங்கட்கிழமை விடியும்போது மீன்கள் செத்து மிதந்தன. நடந்து வெகு நாளாகிவிட்டது. இருந்தாலும் அந்த ஞாயிறையும் அந்தத் திங்களையும் தனித்தனியாக நினைக்க எனக்கு இன்னும் வரவில்லை. 2023 ஜூன் 19. ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்து, சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்களே, அந்த மழை. ஜூனில் இப்படி ஒரு மழையா என்று ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான். காலை ஆறு மணிக்குக் குடையோடு ஏரிக்குப் போனதே தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கரையில் நின்று பார்க்கிற ஆசையில்தான். தண்ணீர் ஏறித்தான் இருந்தது. வரத்துக் கால்வாய் ஏரிக்குள் நுழைகிற இடத்தில் மட்டும் கரையோரம் பூராவும் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒதுங்கிக் கிடந்தது. தெர்மாகோல் என்று நினைத்தேன். நேற்றுத்தானே எடுத்தோம், அதற்குள் எவன் கொட்டினான் என்று கோபம்கூட வந்தது. கிட்டே போனால், வயிறு மேலே திரும்பிய ஜிலேபி மீன்.

முந்தின நாள் படம் போட்டிருந்தோம். கையுறை, ஒரே நிறத்தில் டிஷர்ட், பின்னால் சிமென்ட் மூட்டை அடுக்கியது மாதிரி 41 மூட்டை. நிறைய பேர் கைதட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை யாரும் படம் எடுக்கவில்லை. குழுவில் ஒருவர் "ஐயோ" என்று மட்டும் போட்டார், அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.

ஏரி தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் இடையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் அடுத்த நிமிஷம் எந்த அபார்ட்மென்ட் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் இப்போதுதான் கொஞ்சம் அமைதி நிலவுகிறது. இந்தப் பக்கத்து ஏரிகள் எல்லாம் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கோத்தவை என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். சிட்லபாக்கம் நிறைந்தால் செம்பாக்கம், அப்புறம் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு. எங்கள் ஏரியும் அப்படி ஒரு கோவையில் நடுவில் மாட்டிக்கொண்ட ஒன்று. மேலே ஒரு ஏரி, கீழே ஒரு ஏரி. இந்த 'கீழே ஒரு ஏரி' விஷயத்தை நாங்கள் ரொம்ப நாள் யோசிக்கவே இல்லை.

குழு தொடங்கியது 2019-ல். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த வருஷம். சிட்லபாக்கத்துக்காரர்கள் காய்ந்துபோன தங்கள் ஏரிக்குள் கடப்பாரை, மண்வெட்டியோடு இறங்கியதைப் பார்த்துவிட்டு, நாமும் ஏதாவது செய்யலாமே என்று கூடினோம். ஐ.டி. ஆட்கள், ஓய்வு பெற்றவர்கள், நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள். ஞாயிறு தோறும் ஆறு மணிக்குக் கூடி எட்டரைக்கு இட்லி சாப்பிட்டுக் கலைவோம். நாலு வருஷம் இப்படியே போனது. நாலு வருஷமும் ஏரியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் நம்பினேன்.

புதுத்தண்ணி

குழுவில் ஒரு பெரியவர் உண்டு. எழுபதைத் தாண்டியவர், லுங்கியோடுதான் வருவார். ஏரிக்குக் கீழே அவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அந்த நிலத்தில் இப்போது மூன்று குறுக்குத் தெரு நிற்கிறது. மதகு எது, கலங்கல் எது, எந்த இடத்தில் கரை இளகும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் காலை அவரும் வந்திருந்தார். செத்த மீன்களைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "புதுத்தண்ணிக்கு மீன் ஏறும் சார். மழ வுழுந்து கால்வாய்ல தண்ணி வந்துச்சின்னா அதுக்குத் தெரியும். எதுத்துக்கினு ஏறும். சின்னப் புள்ளைல நாங்க கோணிய எடுத்துக்கினு ஓடுவோம், புடிக்கிறதுக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இப்பவும் ஏறிதான் இருக்குது" என்றார்.

அதற்கப்புறம்தான் கவனித்தேன். ஏரியின் மற்ற கரைகளில் அங்கொன்றும் இங்கொன்றும்தான் கிடந்தன. மொத்தக் கூட்டமும் கால்வாய் வாயிலில். புதுத்தண்ணியின் வாசனை பிடித்து, மேலேறுகிற புத்தியில், எது வருகிறதென்று தெரியாமல் அதன் வாய்க்குள்ளேயே போய் நின்றிருக்கின்றன. மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த விரால் ஒன்றுகூட அதில் இல்லை. ஜிலேபியும் கெண்டையும்தான்.

குழுவில் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு சின்னப் பெட்டியை எடுத்துவந்தார். கொளத்தூரில் மீன் தொட்டிக் கடையில் வாங்கியது, தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனைப் பார்க்கிற சாமான். கண்ணாடிப் பாட்டிலில் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீரைப் பிடித்து, ஒரு மருந்தில் நாலு சொட்டு, இன்னொன்றில் நாலு சொட்டு விட்டு மூடிக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பாகத் திரியும். ஏரி நடுப்பக்கத்துத் தண்ணீர் டிகாஷன் குறைந்த டீ மாதிரி லேசாகப் பழுத்தது. அடுத்து, கால்வாய் நுழைகிற இடத்தில் எடுத்த தண்ணீரைப் போட்டார். வெள்ளையாகத் திரிந்தது. வடித்த கஞ்சி மாதிரி வெள்ளை. டீச்சர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று இன்னொரு தடவை போட்டார். மறுபடி கஞ்சி. மீன் பிழைக்க லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டுக் கணக்கு. இங்கே எதுவுமே இல்லை.

ஆறு மாசம் மழை இல்லாதபோது கால்வாய் சும்மா கிடப்பதில்லை. வீடுகளிலிருந்து கசிந்து வருவது அதில் மெதுவாக ஓடி, கனமானதெல்லாம் அடியில் படிந்து, கருப்புச் சேறாக அழுகிக்கொண்டிருக்கிறது. முதல் பெருமழையின் முதல் ஒரு மணி நேரத் தண்ணீர் அதை மொத்தமாகச் சுரண்டி எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்குகிறது. அந்தச் சேறு தன்னிடம் ஆக்சிஜன் இல்லாதது மட்டுமல்ல, ஏரியில் இருக்கிறதையும் உறிஞ்சிக்கொள்ளும். ஏற்கெனவே சோப்புத்தூள் தண்ணீரைத் தின்று பச்சையாகக் கொழுத்த பாசி, பகலில் ஆக்சிஜன் கொடுத்தாலும் ராத்திரியில் அதுவும் சேர்ந்துகொண்டு குடிக்கும். அதனால்தான் விடியற்காலையில் சாவு. நாங்கள் நாலு வருஷமாகப் பொறுக்கிய பிளாஸ்டிக் பை இதில் எங்கேயும் இல்லை. பையைப் பொறுக்குவது வீண் என்று சொல்லவில்லை, மாடு தின்னாமல் இருக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் கையால் எடுக்க முடிகிறது என்பதற்காகவே அதை எடுத்துக்கொண்டிருந்தோம்.

யார் வீட்டுக் குழாய்?

சரி, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்போம் என்று முடிவாயிற்று. பாதாளச் சாக்கடை எங்கள் பகுதிக்கு இன்னும் வரவில்லை. எல்லோருக்கும் செப்டிக் டேங்க். எல்லோரும் லாரி வைத்து எடுப்பதாகத்தான் சொல்கிறார்கள். மழைநீர் வடிகாலோ தெருவுக்கு அடியில் மூடிக் கிடக்கிறது. எந்த வீட்டுக் குழாய் அதில் சொருகியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஏரி ஒரு துறை, தெரு வடிகால் ஒரு துறை, மெயின் ரோட்டு வடிகால் இன்னொரு துறை என்பதால் மனுவை மூன்று நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு நாங்களே இறங்கினோம்.

சாயம் ஊற்றிப் பார்க்கலாம் என்றார் ஒருவர். மருந்துக்கடையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் வாங்கிக் கரைத்து ஊற்றினோம். ஊற்றும்போது அவ்வளவு அழகான கத்தரிப்பூ நிறம். இருபதடி போவதற்குள் பழுப்பாகி, ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. டீச்சர் சிரித்தார். சாக்கடை அந்த மருந்தைத் தின்றுவிடும், எவ்வளவு வேகமாகத் தின்கிறதோ அவ்வளவு அழுக்கு என்றார். ஆக, எதற்கோ வைத்த சோதனையில் வேறு ஒன்று தெரிந்தது. தெர்மாகோல் உருண்டை போடலாம் என்று ஒரு பையன் சொல்லி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கடைசியில் யோசனை ஆயுத பூஜையிலிருந்து வந்தது. அக்டோபர் 23, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஆபீசிலும் பொரி மிச்சம். நமத்துப்போன பொரியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிற வாரம் அது. பொரி மிதக்கும், கரைந்தாலும் கெடுதல் இல்லை, மீன் தின்னும். அடுத்த ஞாயிறு, சம்மதித்த வீடுகளிலும் அபார்ட்மென்ட்களிலும் செப்டிக் டேங்கைத் தாண்டி வெளியேறும் தொட்டி மூடியைத் திறந்து, ஆளுக்கு ஒரு படி பொரியும் இரண்டு வாளித் தண்ணீரும் ஊற்றினோம். ஒவ்வொரு இடத்துக்கும் நடுவில் அரைமணி இடைவெளி. பெரியவரும் நானும் கால்வாய் வாயில் ஓரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு மடையான் எங்களுக்கு எதிரே அதே மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஒன்பது இடத்தில் ஊற்றினோம். ஏழு இடத்துப் பொரி வந்தது.

மூன்றாவதாக ஊற்றியது எங்கள் அபார்ட்மென்ட். 'நம்மது வராது' என்று பெரியவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் எங்களுக்கு மாதம் ஒரு லாரி வருகிறது, பணம் கட்டுகிறோம். பதினோரு நிமிஷத்தில் கருப்புத் தண்ணீரின் மேல் முதல் பொரி வந்தது. ஒன்று. அப்புறம் நாலைந்து சேர்ந்து. அப்புறம் கல்யாண வீட்டில் அட்சதை போட்ட மாதிரி. அதில் ஒரு பொட்டுக்கடலைகூட இருந்தது. என் மனைவி பொரியோடு கடலையையும் கலந்துதான் வைப்பாள். பெரியவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த நாகரிகத்துக்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அன்று சாயங்காலம் அசோசியேஷன் பழைய பைல்களை இறக்கினேன். 2016 ஜனவரி. 'மழைநீர்க் குழாய் வேலை, 4 அங்குல பி.வி.சி., கொத்தனார் கூலி உட்பட' என்று ஒரு பில். பொருளாளர் கையெழுத்து என்னுடையது.

நினைவு வந்தது. 2015 டிசம்பர் வெள்ளம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்த அந்த மழையில் எங்கள் செப்டிக் டேங்க் நிரம்பி, தரைத்தள வீட்டுக் குளியலறைகளில் பொங்கி வந்தது. ஒரு வீட்டில் கைக்குழந்தை. தண்ணீர் வடிந்த பிறகு பிளம்பர் வந்து, டேங்க் மேல்மட்டத்திலிருந்து தெரு வடிகாலுக்கு ஒரு குழாய் விட்டால் இனி உள்ளே பொங்காது, வெள்ளத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும் என்றார். அன்றைக்கு அதை யாரும் தப்பாகவே நினைக்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் வந்ததை வெளியே அனுப்பினோம், அவ்வளவுதான். 'வெள்ளத்துக்கு மட்டும்' என்ற குழாய் ஏழே முக்கால் வருஷமாகத் தினமும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மாதம் ஒரு லாரி ஏன் போதுமானதாக இருந்தது என்று நான் ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

90 பேரின் தண்ணீர்

கணக்கைப் பொதுக்குழுக் கூட்டத்தில் போட்டோம். 24 வீடு, 90 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கத் திட்ட அளவு. மொத்தம் 12,150 லிட்டர். அதில் எண்பது சதவீதம் கழிவாக வெளியே வரும் என்று வைத்தால் தினமும் 9,700 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. எங்கள் பக்கம் வருகிற பெரிய லாரி 9,000 லிட்டர் பிடிக்கும், அப்போது லோடு 2,000 ரூபாய். அதாவது நேர்மையாக இருக்க வேண்டுமென்றால் தினமும் ஒரு லாரி. மாதம் 60,000 ரூபாய். வீட்டுக்கு 2,500. மண்ணுக்குள் உறிஞ்சவிடலாம் என்றால், ஏரியோரக் களிமண், மழைக்காலத்தில் இரண்டடியில் நிலத்தடி நீர் நிற்கும், ஒரு சொட்டு உள்ளே போகாது.

கூட்டத்தில் விழுந்த வார்த்தைகளை எழுதப் போவதில்லை. ஞாயிறு காலைகளில் என்னோடு கையுறை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்குகிற இரண்டு பேர், "ஊர்ல எல்லாரும் விடுறாங்க, நம்ம மட்டும் ஏன் சார்?" என்றார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஏரியில் இறங்க இரண்டரை மணி நேரமும் ஒரு ஜோடி பழைய செருப்பும் போதும். இதற்கு மாதா மாதம் பணம், பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம், கார் நிறுத்துகிற இடம் எல்லாம் போகும். படம் போட்டுக் காட்டவும் ஒன்றும் இருக்காது. தரைத்தளத்து அம்மா ஒருவர்தான், 2015-ல் கைக்குழந்தையோடு இருந்தவர், "அன்னிக்கு என் பாத்ரூம்ல வந்தது இன்னிக்கு மீனுக்கு வருது. எனக்கு அந்த நாத்தம் தெரியும்" என்றார். அதன் பிறகு குரல்கள் கொஞ்சம் இறங்கின.

ஐந்து கூட்டம் ஆயிற்று. நடுவில் மிக்ஜாம் புயல் வந்து ஒரு மாசம் தள்ளிப்போட்டது. கடைசியில் கக்கூஸ் தண்ணீரைத் தனியாகவும் குளியல், துணி, பாத்திரத் தண்ணீரைத் தனியாகவும் பிரித்தோம். கக்கூஸ் பக்கத்துக்கு வாரம் இரண்டு லாரி, வீட்டுக்கு மாதம் 700 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மற்ற தண்ணீருக்குப் பின்பக்கக் கார் நிறுத்தத்தில் பாதியைத் தோண்டி, ஜல்லி நிரப்பி, கல்வாழை நட்டோம். வேலை பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். கொசு வருகிறது என்று ஒரு கட்சி, பூ நன்றாக இருக்கிறது என்று ஒரு கட்சி. வடிகட்டி வருகிற தண்ணீர் மிச்சம் இன்னும் தெரு வடிகாலுக்குத்தான் போகிறது. ஆனால் டீச்சர் பாட்டிலில் அது பழுப்பாகத் திரிகிறது. அந்த 4 அங்குலக் குழாயின் வாயை நானே பக்கத்தில் நின்று சிமென்ட் பூசி அடைக்கவைத்தேன்.

லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்துக்கு என்றார் டிரைவர். ஒருநாள் பைக்கில் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அன்றைக்குப் போனது. மற்ற நாட்களுக்கு நான் சாட்சி இல்லை.

மூட்டை

எங்கள் குழாய் மூடியாயிற்று. பொரி வந்த ஏழில் இன்னும் இரண்டு பேர் மூடினார்கள். மீதி நாலு, அப்புறம் நாங்கள் பொரி ஊற்ற அனுமதி தராத எத்தனையோ. 2024 அக்டோபரில் பருவமழை நெருங்கும்போது கால்வாய் அடியில் கருப்புச் சேறு பழையபடி தயாராக இருந்தது. அப்போது குழுவில் ஒரு பொறியாளர் சொன்ன வழி எளிமையானது. கால்வாய் ஏரிக்குள் நுழையும் வாயை மணல் மூட்டை போட்டு அடைத்துவிடுவோம். முதல் மழையின் அழுக்கு, பக்கத்தில் போகிற போக்குக் கால்வாயில் திரும்பி ஏரியைத் தொடாமல் போய்விடும். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் தெளிந்ததும் மூட்டையை எடுத்து ஏரியை நிரப்பிக்கொள்ளலாம். பெரிய செலவில் நடக்கிற ஏரிச் சீரமைப்புகளிலேயே கழிவுநீரை இப்படி ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகவிடுவது உண்டு.

பெரியவர் மட்டும் எதிர்த்தார். வரத்துக் கால்வாயை அடைப்பது என்பதே அவர் காதில் ஏறவில்லை. "எவனாவது ஒருபிடி மண்ணு போட்டு அடைச்சான்னா எங்கப்பா வெட்டவே போயிருவாரு. நீங்க காசு குடுத்து மூட்ட வாங்கி அடைக்கிறீங்க." கை தூக்கச் சொன்னோம். நான் மூட்டைக்குத்தான் கை தூக்கினேன்.

60 மூட்டை. அக்டோபர் நடுவில் அந்தப் பெருமழை வந்தபோது ராத்திரி ரெயின்கோட் போட்டுக்கொண்டு நாலு பேர் டார்ச்சோடு நின்றோம். கருப்புத் தண்ணீர் வந்தது. மூட்டையில் முட்டியது. ஒரு நிமிஷம் தயங்கி, வலது பக்கம் திரும்பி, போக்குக் கால்வாயில் சரசரவென்று இறங்கிப் போனது. நாங்கள் நாலு பேரும் கத்தினோம், கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் ஜெயித்த மாதிரி. காலையில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. டீச்சர் பாட்டிலில் பழுப்பு. இட்லியோடு அன்றைக்கு வடையும் உண்டு.

வடையைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றபோதுதான், தண்ணீர் திரும்பிப் போன பக்கத்தைப் பார்த்தேன். அந்தக் கால்வாய் கீழ் ஏரிக்குப் போகிறது. எங்கள் வீட்டுக்குள் பொங்கியதைத் தெருவுக்கு அனுப்ப 2016-ல் ஒரு கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஏரிக்குள் வந்ததைக் கீழே அனுப்ப இப்போது கை தூக்கியிருக்கிறேன். அந்தத் தடவை தெரியாமல் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

கீழ் ஏரியிலும் எங்களை மாதிரி ஒரு குழு இருக்கிறது, அறிமுகம் உண்டு. அன்று சாயங்காலம் அதில் ஒருவர் போன் செய்தார். எடுக்கவே கை வரவில்லை. எடுத்தால், திட்டவில்லை. மீன் செத்ததா என்று நானும் கேட்கவில்லை.

"சார், அடுத்த மழைக்கும் மூட்டை போடுவீங்களா?"

"பார்க்கணும். ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, எத்தனை மணிக்குப் போடுறீங்கன்னு முன்னாடியே ஒரு மெசேஜ் போட்டீங்கன்னா, நாங்களும் போட்டுடுவோம். உங்களுக்கு எத்தனை மூட்டை ஆச்சு? மணல் எங்க வாங்குனீங்க?"

கடைக்காரர் நம்பரை அனுப்பிவைத்தேன்.